அறுமுன் மாற்றுக

பழைய அம்பாசடர் காரில் சங்கிலி செய்த பணியை, 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரில் பற்களுடைய ரப்பர் வார் ஒன்று செய்தது. அதனை 'டைமிங் பெல்ட்' என்பர். கிராங்குத் தண்டு இருமுறை சுழலக் கேம் தண்டு ஒருமுறை சுழலும். அவ்வொழுங்கைக் காப்பது இவ்வாரே. அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். சில எஞ்சின்களில் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும்.

அம்பத்தூர்ப் பட்டறைகளில் கழற்றிய வார்களை நான் கண்டிருக்கிறேன். வெடிப்பு, நைந்த ஓரம், தேய்ந்த பல், எண்ணெய்க் கறை ஆகியவை முதுமையின் அடையாளங்கள். ஆயினும் பழுதற்றதுபோல் தோன்றும் வாரும் அறுவதுண்டு. ஆகவே, தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டர் அல்லது ஆண்டு, எது முந்துகிறதோ அப்போதே மாற்றுக.

புது வார் பூட்டுங்கால் பற்சக்கரக் குறிகளை நேர்ப்படுத்துக. பின்னர்க் கிராங்கினைக் கையால் இருமுறை சுற்றுக. தடை தோன்றின் குறி பிசகியதென்று உணர்க. கைக்குத் தென்படும் பிழையைத் திருத்திவிடலாம். எஞ்சினை இயக்கிய பின் தெரியும் பிழைக்கோ வால்வுகளே விலையாகும்.