குழு என்றால் கூட்டுவேலையா?

ஒரு குளத்தின் கீழ் நூறு பேர் வயல் செய்யலாம். ஆளுக்காள் வாய்க்காலை மறித்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மனநலப் பணியும் இப்படித்தான். வைத்தியர், தாதி, உளவளத்துணையாளர், சமூகசேவை உத்தியோகத்தர் எனப் பலர் ஒரே குடும்பத்தைப் பராமரிக்கின்றனர். இவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளாவிட்டால், பாதிக்கப்பட்டவர் தமது துயரத்தை ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்ல வேண்டும். மாதாந்த ஊசி தவறினாலும் கவனிப்பாரில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஓரிடத்தில் தொடங்கிய மருந்து அடுத்த இடத்தில் நின்றுபோகலாம்.

கூட்டுவேலை நடக்கிறதா என்பதை எப்படி அளப்பது? எத்தனை கூட்டம், எத்தனை வீட்டுத் தரிசிப்பு என்று எண்ணுவது இலகு. ஆனால் அது விதைத்த ஏக்கரை எண்ணிவிட்டு விளைச்சலைப் பாராமல் விடுவது போன்றது.

இங்கிலாந்தில் உளவியலாளர் மைக்கல் வெஸ்டும் அவரது சகாக்களும், சமூக மனநலக் குழுக்கள் உட்படப் பல சுகாதாரக் குழுக்களை ஆராய்ந்துள்ளனர். நீல் அன்டர்சனும் வெஸ்டும் 1998இல் விளக்கிய வினாக்கொத்து நான்கு விடயங்களை அளக்கிறது:

1. குழுவின் நோக்கம் எல்லோருக்கும் தெளிவா?
2. பயமின்றிக் கருத்துச் சொல்ல முடிகிறதா?
3. வேலையின் தரத்தில் எல்லோருக்கும் அக்கறை உண்டா?
4. புதிய யோசனைகளுக்கு ஆதரவு கிடைக்கிறதா?

ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே விடையளிப்பார். தலைவரின் அறிக்கை மட்டும் போதாது. விடைகள் தண்டிப்பதற்குப் பயன்படும் என்ற அச்சம் இருந்தால் உண்மை வெளிவராது.

இன்னுமொரு பாடம் உண்டு. “நீங்கள் குழுவாக வேலை செய்கிறீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்பர். பொதுக் குறிக்கோள் உண்டா, ஒருவரில் ஒருவர் தங்கி வேலை செய்கிறீர்களா, கூடியிருந்து வேலையை மீளாய்வு செய்கிறீர்களா என்று தொடர்ந்து கேட்டால், மூன்றுக்கும் ஆம் என்போர் குறைந்துவிடுகின்றனர்.

குழுவின் விடைகளோடு குடும்பத்தின் விடையும் சேர வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் சிகிச்சை பெற்றால் இவற்றைக் கவனியுங்கள். முன்பு வந்தவரிடம் சொன்னது இன்று வந்தவருக்குத் தெரியுமா? இருவரும் ஒரே ஆலோசனையைச் சொல்கின்றனரா? ஊசி தவறினால் தேடி வருபவர் யார்? வேறிடம் போனால் மருந்து விபரத்தை எழுதித் தருபவர் யார்?

விடை கிடைக்காவிட்டால் அடுத்த தரிசிப்பின்போது தயங்காமல் கேளுங்கள். இது குறைபிடிப்பதல்ல. குழு தன்னைத் திருத்திக்கொள்ள நீங்கள் செய்யும் உதவி.