கணினி மாற்றமும் ஊழியர் மனமும்

பல ஆண்டுகள் ஒரே விதமான திரையில் வேலை செய்து தேர்ந்த குமாஸ்தா ஒருவருக்கு, ஒரு நாள் காலையில் இயங்குதளமும் மென்பொருளும் ஒருசேர மாறிவிடுமானால், சாமர்த்தியம் குறையாதபோதும் வேகம் குன்றி, மனத்தில் சஞ்சலம் உண்டாவது சகஜம்.

பிரான்ஸ் தேசத்தின் ஜாந்தார்மெரி என்னும் காவற்படை இதை நன்குணர்ந்து நடந்துகொண்டது. 2005-இல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் மட்டும் ஓப்பன் ஆபீஸைக் கொணர்ந்து, அடுத்த ஆண்டில் ஃபயர்பாக்ஸ் உலாவியையும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியையும் வழக்கப்படுத்திய பின்னரே, 2008 முதல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் படிப்படியாக நிறுவத் தொடங்கியது. அன்றாடம் கையாளும் செயலிகள் அதற்குள் பரிச்சயமாகிவிட்டபடியால், அடித்தளம் மாறியபோது ஊழியர் புதிதாகக் கற்கவேண்டியது சொற்பமாயிற்று.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ, சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பின்னும், 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. வெளியாருடன் ஆவணங்களைப் பரிமாறுவதில் நேர்ந்த சங்கடங்களும் ஊழியரின் அதிருப்தியும் அத்தீர்மானத்தையொட்டி எழுந்த விவாதத்தில் முக்கிய ஸ்தானம் பெற்றன.

ஆகையால், மாற்றத்தின் காரணத்தை முன்கூட்டியே எடுத்துரைத்து, நித்தியம் பயன்படும் படிவங்களைப் புதிய செயலியில் பரீட்சித்து, பிரிவுக்கு ஒருவரை முதலில் பயிற்றுவித்து, சந்தேகம் எழும் கணத்திலேயே பக்கத்து மேஜையிலிருந்து பதில் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் தலையாய கடமையாகும்.