கடல் கடந்து கற்க ஒரு விண்ணப்பம்

தொண்டூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் சில திங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, "சாமி, ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்" என்றார். நாமும் வழக்கம்போல், நல்ல குடும்பத்துப் பெண், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர் என்று எழுதி, பங்கு முத்திரையையும் இட்டுவிட்டோம். அதன் பிறகே, என்ன ஆய்வு என்று கேட்டோம். கேட்டபின், நாம் எழுதிய கடிதத்தை எண்ணி நாணினோம்.

அவர் எடுத்த பொருள் நம் செஞ்சிக்கோட்டை. 1750-இல் புஸ்ஸி என்னும் தளபதியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளில் கோட்டையைச் சுற்றியிருந்த உழவர் என்ன வரி கொடுத்தனர், யார் கல் சுமந்தனர்? இதுவே அவருடைய வினா. பிரெஞ்சிந்திய ஆட்சித் தாள்கள் பல, பிரான்சு நாட்டு எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே சென்றாலன்றி அவற்றை முழுமையாகப் பயில இயலாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தபோது நாமெல்லாரும் மகிழ்ந்தோம். கல் சுமந்தவரைப் பற்றி நாம் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு அரிய வினாவை அவர் தம் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார்! முதலிரு பக்கங்களும் வறுமையும் கனவுமாகவே இருந்தன. தேர்வுக் குழுவினர் அறிய விரும்புவது வேறு: வினா யாது, எந்த ஆவணங்களைக் கொண்டு விடை காண்பாய், எத்தனை திங்கள் ஆகும், இங்கேயே செய்ய முடியாதது ஏன், அங்கே வழிகாட்ட இசைந்த பேராசிரியர் யார்? கடைசியாகச் சொன்ன இசைவுக் கடிதம் எளிதில் வாராது. பல திங்கள் முன்னரே எழுதத் தொடங்க வேண்டும்.

ஆனால் எழுத்தைச் சீராக்கினால் மட்டும் போதுமா? நடுவணரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. அதன் இடங்களுட் பெரும்பான்மை பட்டியலினத்தார்க்கு உரியது. இவர் ஆதிதிராவிடக் குடும்பத்தவரே, எனினும் கிறிஸ்தவர். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியலினத்தார். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நம்மவர்க்கு இன்னும் இடமில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் ஏன், சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலுங்கூட இவரைச் சாதியால் பிரிப்பவர்கள் உண்டு. உதவித்தொகைப் படிவம் மட்டும் இவருக்குச் சாதியில்லை என்கிறது. (முன்னதற்கு நாமும் பொறுப்பாளிகள்.) அன்றியும், 2022-இல் வந்த நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, வரலாறு பற்றிய ஆய்வுகளை அத்திட்டத்தினின்று நீக்கிவிட்டன. செஞ்சி இரு வழியாலும் வெளியே நின்றது.

1913-இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியால்தான் இளைஞர் அம்பேத்கர் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். திரும்பி வந்து பத்தாண்டு பணிபுரிவதாக ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார். அவருடைய எதிர்காலம் ஒரு மன்னரின் மனத்தைப் பொறுத்திருந்தது. இன்று அது படிவத்தின் ஒரு கட்டத்தைப் பொறுத்திருக்கிறது.

அமெரிக்கா செல்வோர்க்கான ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை சாதியையோ சமயத்தையோ பார்ப்பதில்லை. ஆனால் இவர் தேடும் தாள்கள் அங்கில்லை. தமிழக அரசின் அயலக உயர்கல்வித் திட்டத்தில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்க்கும் இடமுண்டு. அவ்வழியே முயலலாம் என்று தீர்மானித்தோம். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் அவர் அலைந்துகொண்டிருக்கிறார்.

நம் பழைய கடிதத்தை நாமே கிழித்தோம். புதியதில், ஊர்ப் பெரியவர்களிடம் அமர்ந்து பழைய நிலப் பெயர்களை அவர் பொறுமையாகக் கேட்டு எழுதியதை நாம் கண்ணாரக் கண்டதாகக் குறித்தோம். பூசைக்கு வருவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.