தனியார் சேவைத் துறைகளில் வேலைவாய்ப்பின் நீண்டகாலப் போக்கை அளத்தல்: சுபாங் ஜெயாவை முன்வைத்து

முன்னுரை

இன்று மாநகரமாக விளங்கும் சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்ட் தோட்டமாக இருந்தது. 1976இல் அங்கு வீடமைப்புப் பணிகள் தொடங்கின. 1985இல் தனியார் மருத்துவமனை ஒன்றும், 1988இல் சுபாங் பரேட் பேரங்காடியும், 1997இல் சன்வே பிரமிட் பேரங்காடியும் திறக்கப்பட்டன. தோட்டங்களில் பால்மரம் சீவியோரின் வழித்தோன்றல்களுள் சிலர் மருத்துவராகவும் கணக்காளராகவும் உயர்ந்தனர். பலர் பாதுகாவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் ஓட்டுநராகவும் ஆயினர். புள்ளிவிவரத்தில் இவ்விரு சாராரும் ‘சேவைத் துறை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்குகின்றனர். ஆகவே, சேவைத் துறை வளர்ந்தது என்பதனைச் சமூகம் உயர்ந்தது எனக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன் அவ்வெண்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பதனை அறிதல் வேண்டும். அதனையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இருவகைக் கணக்கெடுப்பு

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் தொழிலாளர் படை ஆய்வு 1974ஆம் ஆண்டு தொடங்கியது. அது வீடுகளுக்குச் சென்று ஆட்களை எண்ணுகின்றது. குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஊதியத்திற்கோ இலாபத்திற்கோ உழைத்தவர் வேலையில் உள்ளவராகக் கருதப்படுகின்றார். தங்கும் விடுதிகள், கட்டுமானத் தளங்கள் போன்றவற்றில் வசிப்போர் இதில் சேர்க்கப்படுவதில்லை. மற்றொரு வகை, நிறுவனங்களிடம் தரவு பெற்று வேலைகளை எண்ணுவதாகும்.

கிள்ளானில் வசித்துச் சுபாங் ஜெயாவில் பகலில் ஒரு வேலையும் இரவில் மற்றொரு வேலையும் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கணக்கில் அவர் கிள்ளானைச் சேர்ந்த ஓர் ஆள். நிறுவனக் கணக்கில் அவர் சுபாங் ஜெயாவின் இரு வேலைகள். சாலையோரத்தில் சொந்தமாக உணவு விற்பவரோ வீட்டுக் கணக்கில் இடம்பெறுவார். நிறுவனக் கணக்கில் விடுபடக்கூடும். எனவே, இவ்விரு கணக்குகளின் எண்களையும் ஒரே வரிசையில் கோத்துப் போக்கினைக் காட்டுதல் பிழையாகும்.

‘தனியார்’ என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. அரசாங்கப் பள்ளியின் தமிழாசிரியரும் தனியார் பாலர் பள்ளி ஆசிரியரும் ‘கல்வி’ என்னும் ஒரே பிரிவில் அடங்குவர். அப்பிரிவின் மொத்த எண்ணிக்கையைத் தனியார் துறையின் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தொழிலும் தொழில்துறையும்

தமிழில் ‘தொழில்’ என்னும் சொல் ஒருவர் செய்யும் பணியையும் அவர் சார்ந்த துறையையும் குறிப்பதால் மயக்கம் நேர்கின்றது. புள்ளியியலில் இவை இரு தனி வகைப்பாடுகள். பள்ளியே நேரடியாக நியமித்த பாதுகாவலர் ‘கல்வி’த் துறையில் எண்ணப்படுவார், தொழிற்சாலை நியமித்தவர் ‘உற்பத்தி’த் துறையில் எண்ணப்படுவார். அதே காவற்பணி ஒப்பந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டால் இருவருமே ‘நிர்வாக, ஆதரவுச் சேவை’ப் பிரிவுக்கு மாறிவிடுவர். வாயிற்கதவும் மாறவில்லை, பணியும் மாறவில்லை. எனினும் அட்டவணையில் உற்பத்தித் துறை சுருங்கிச் சேவைத் துறை வளர்கின்றது. நேரடி நியமனத்தில் இருந்த பணிப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் குறைந்திருந்தாலும் இவ்வளர்ச்சி எண்ணில் அது புலப்படாது.

வகைப்பாடே மாறுவதும் உண்டு. மலேசியத் தொழில்துறை வகைப்பாட்டின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் காவல் சேவை, சொத்துடைமை, வாடகை, வணிகச் சேவைகள் ஆகியன அடங்கிய பெரும்பிரிவில் இருந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் தனிப் பிரிவுக்குச் சென்றது. பழைய பிரிவுகளைப் புதியவற்றோடு பொருத்திய பின்னரே ஆண்டுகளை ஒப்பிடல் தகும்.

முடிவுரை

நீண்டகாலப் போக்கினை ஆராய்வோர் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம்: எண்ணப்பட்டது ஆளா, வேலையா? வசிப்பிடமா, பணியிடமா? துறையா, பணியா? வகைப்பாடு இடையில் மாறியதா? இவற்றோடு ஊதியத்தையும் நியமன முறையையும் இணைத்து நோக்கினால்தான் தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த தலைமுறை உயர்ந்ததா, இடம் மட்டும் பெயர்ந்ததா என்பது தெளிவாகும். வகுப்பறையில் ‘சேவைத் துறையின் வளர்ச்சி’ பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர், பள்ளி வாயிலில் நிற்கும் பாதுகாவலர் எப்பிரிவில் எண்ணப்படுகின்றார் என்னும் வினாவிலிருந்தே அப்பாடத்தைத் தொடங்கலாம்.