விடைபெறும் உரிமை – 11: இளஞ்சிவப்புத் தாளின் அதிகாரம்

அமெரிக்காவின் மயாமி நகரில் எழுபது வயது மனிதர் ஒருவரை நினைவில்லாத நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். உடன் யாரும் இல்லை. அவர் நெஞ்சில், 'உயிர்ப்பிக்க முயல வேண்டாம்' என்ற பொருளில் பச்சை குத்தியிருந்தது. மறுப்புச் சொல்லுக்கு அடிக்கோடு, கீழே கையெழுத்து.

மருத்துவர்கள் முதலில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். சந்தேகம் இருக்கும்போது, திருத்த முடியாத முடிவை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் உண்டு. 2012-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான வேறொருவரின் கதையில், சீட்டாட்டப் பந்தயத்தில் தோற்றதற்காக அதே போன்ற எழுத்துகளைக் குத்திக்கொண்டதாக அவரே சொன்னார். தன்னைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றார்!

மயாமிக்காரர் விஷயத்தில், பச்சையை மதிக்கலாம் என்று மருத்துவ அறநெறி ஆலோசகர்கள் சொன்னார்கள். பிறகு புளோரிடா மாநிலச் சுகாதாரத் துறையின் முறையான படிவமும் கிடைத்தது. அதிலும் அதே விருப்பம்தான் இருந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

தோலில் எழுதியதற்கு இல்லாத பலம் அந்தத் தாளுக்கு எங்கிருந்து வந்தது?

உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமை பற்றிய நான்சி குரூசான் வழக்கின் தீர்ப்பு வந்த 1990-லேயே, நோயாளியின் முன்கூட்டிய விருப்பத்தை மருத்துவமனைகள் கேட்டறிய வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. பலர் அந்த விருப்பத்தை 'லிவிங் வில்' என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் பாட்டிக்காக 911-ஐ அழைத்தால், வாசலில் வந்து நிற்பது ஆம்புலன்ஸ் ஊழியர். 'மீள வழியில்லாத நிலையில் செயற்கைக் கருவிகள் வேண்டாம்' என்று எழுதியிருந்தால், இது அந்த நிலைதானா என்று அவர் எப்படி முடிவு செய்வார்? நெஞ்சை அழுத்துவது, குழாய் செருகுவது, வண்டியில் ஏற்றுவது – அவருக்குத் தெரிந்த கடமை அவ்வளவுதான். லிவிங் வில் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

இந்த இடைவெளியை அடைக்க ஓரிகன் மாநிலத்து மருத்துவ அறவியலாளர்கள் 1991-ல் முனைந்தார்கள். பிறந்தது 'போல்ஸ்ட்' படிவம். கண்ணில் படும்படி பளிச்சென்ற இளஞ்சிவப்பு. கேள்விகளும் நேரானவை. இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல்வதா, வேண்டாமா? துடிப்பு இருக்கும்போது தீவிர சிகிச்சை முழுவதுமா, ஓரளவா, வலியும் திணறலும் தணிக்கும் கவனிப்பு மட்டுமா? மருத்துவர் கையெழுத்திட்டதும் நோயாளியின் விருப்பம் மருத்துவ ஆணையாகிவிடுகிறது. மருந்துச் சீட்டு போல, அதை அப்படியே நிறைவேற்றலாம். பொருள் தேட வேண்டியதில்லை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போனாலும் தாள் கூடவே போகும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பது வழக்கம். தாள் கைக்குக் கிடைக்காவிட்டாலும் விவரம் தெரிய, 2009-ல் ஓரிகன் மின்னணுப் பதிவேடும் தொடங்கியது. நியூயார்க்கில் இதே ஏற்பாட்டுக்கு 'மோல்ஸ்ட்' என்று பெயர்.

பலன் உண்டா? ஓரிகனில் 2010, 2011 ஆண்டுகளில் நிகழ்ந்த சுமார் 58,000 மரணங்களை ஆராய்ந்தார்கள். 'கவனிப்பு மட்டும் போதும்' என்று பதிந்தவர்களில் மருத்துவமனையில் இறந்தவர்கள் 6.4 சதவீதம். பதிவேட்டில் படிவமே இல்லாதவர்களில் 34.2. 'முழு சிகிச்சை வேண்டும்' என்றவர்களில் 44.2. படிவம் 'வேண்டாம்' என்று சொல்ல மட்டுமல்ல, 'வேண்டும்' என்று சொல்லவும்தான் என்பதைக் கடைசி எண் காட்டுகிறது.

குறைகளும் உண்டு. சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் ஆணை இருந்தும் அதற்கு மாறாகத் தீவிர சிகிச்சை நடந்த நிகழ்வுகளை 2020-ல் வாஷிங்டன் மாநில ஆய்வு ஒன்று பதிவு செய்தது. இன்னொரு ஆபத்து, முதியோர் இல்லங்களில் சேர்க்கை விண்ணப்பத்தோடு போல்ஸ்ட் படிவத்தையும் சேர்த்து நிரப்பிவிடுவது. இது கடும் நோயிலோ முதுமைத் தளர்ச்சியிலோ இருப்பவர்களுக்கானது, ஆரோக்கியமானவர்களுக்கு அல்ல. கட்டாயமும் இல்லை, மனம் மாறினால் ரத்து செய்யலாம். நோயாளியும் குடும்பமும் மருத்துவரும் உட்கார்ந்து பேசாமல் நிரப்பிய படிவம், வெறும் தாள்.

நம் நிலை என்ன? 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் லிவிங் வில்லை ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். ஆனால் சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். அது மருத்துவமனைக்குள் நடக்கும் வேலை. வாசலில் நிற்கும் 108 ஊழியருக்கு அது உதவாது.

விருப்பத்தை எழுதும் உரிமை நமக்கு வந்துவிட்டது. அதை மருத்துவ ஆணையாக்கும் வழியையும் அரசு வகுக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், வீட்டில் நெடுநாள் நோயாளி இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருந்தின் அளவோடு இதையும் கேளுங்கள்: "நிலைமை மோசமானால் என்னென்ன செய்வீர்கள்? அதில் இவருக்கு எது வேண்டும், எது வேண்டாம்?" பதிலை நோயாளியே சொல்லட்டும்.

(தொடரும்)