பி.எட்., எம்.எட்., எம்.ஏ. கல்வியியல்: எது யாருக்கு?

கொல்கத்தா பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் (இப்போது பிரமதேஷ் பருவா சரணி) டேவிட் ஹேர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1908-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்திலிருந்து 1800-இல் கடிகாரத் தொழிலுக்காகக் கல்கத்தா வந்து, 1817-இல் இந்து கல்லூரி உருவாகத் துணைநின்ற டேவிட் ஹேரின் பெயர் அதற்கு. அதே வளாகத்திலிருந்துதான் மேற்கு வங்கத்தின் ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகம் 2015 முதல் இயங்குகிறது. அதன் இன்றைய பெயர் பாபா சாகேப் அம்பேத்கர் கல்விப் பல்கலைக்கழகம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 1856-இல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் 2008-இல் வந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஒரே வாசலுக்குள் இருப்பது போல.

லேக் மார்க்கெட், பாலிகஞ்ச் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஆசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே பாடம் எடுப்பவர்களுக்கும் முதலில் வரும் குழப்பம் பட்டங்களின் பெயர்தான். மூன்றும் கல்வியைப் பற்றிய படிப்பு என்றாலும் மூன்றும் வேறு வேலைக்கானவை.

பி.எட். பள்ளி ஆசிரியராவதற்கான தொழில் பட்டம். பட்டப்படிப்பிலோ முதுகலையிலோ 50 சதவீதம் வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு 55. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு இது இரண்டாண்டுப் படிப்பாயிற்று. ஒன்றைக் கவனியுங்கள்: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. சின்ன வகுப்புதான் பிடிக்கும் என்பவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்குப் போக வேண்டும்.

எம்.ஏ. கல்வியியல் வேறு வகை. வரலாறு, பொருளாதாரம் போல அதுவும் ஒரு பாடத்துறை. பொதுவாக பி.எட். கேட்க மாட்டார்கள். கல்வியின் தத்துவம், உளவியல், சமூகவியல் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளியில் ஆசிரியராக முடியாது.

எம்.எட். ஆசிரியர்களை உருவாக்குபவர்களுக்கான படிப்பு. பி.எட். அல்லது அதற்கு இணையான தகுதியோடுதான் சேர முடியும். பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக, பாடத்திட்டம் வகுப்பவராக, ஆய்வாளராகப் போக விரும்புகிறவர்களுக்கு இது. பதவி உயர்வு, ஊதிய உயர்வு கிடைக்கும் என்று மட்டும் கணக்குப் போட்டுச் சேர வேண்டாம். அது பணி விதிகளைப் பொறுத்தது, முதலில் உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.எட்.டில் உயிரான பகுதி பள்ளியில் செய்யும் இன்டர்ன்ஷிப். விதிப்படி 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. வகுப்புப் பாடங்களுக்கு 80 சதவீத வருகை போதும், இன்டர்ன்ஷிப்புக்கு 90 வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க, லெசன் பிளானில் பத்து நிமிடம் என்று எழுதிய பகுதி ஒரு பிள்ளையின் கேள்வியால் அரை மணி நேரம் இழுக்கும்போதுதான் கற்பித்தல் என்றால் என்ன என்பது பிடிபடத் தொடங்கும். இதைக் காகிதத்தில் மட்டும் நடத்தி முடிக்கும் கல்லூரியில் கட்டுகிற பணம் வீண்.

எம்.எட்.டில் அந்த இடம் ஆய்வேட்டுக்கு. வேலையில் இருக்கும் ஆசிரியருக்கு இங்கே ஒரு பெரிய வசதி: கேள்வி அவர் கையிலேயே இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் அடித்துவிட்டு நகரலாம். அல்லது உட்கார்ந்து யோசிக்கலாம்: மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. 2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று அதற்குத் தோன்றவில்லை. பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்காமல் இரண்டு தனி எண்களாகப் பார்க்கிறது. எத்தனை பிள்ளைகள் இப்படிப் பார்க்கிறார்கள், எண்கோட்டில் குறித்துக் காட்டினால் மாறுகிறதா, மூன்று மாதம் கழித்தும் நிற்கிறதா? ஓர் ஆய்வேட்டுக்கு இது தாராளம். நூலகத்தில் தலைப்புத் தேடி அலைவதைவிட, திருத்திய தேர்வுத்தாள் கட்டை ஒருமுறை புரட்டுவது நல்லது.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. தேசியக் குழுமத்தின் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; மேற்கு வங்கத்தில் 2023-இல் 253 தனியார் பி.எட். கல்லூரிகளின் இணைப்பு புதுப்பிக்கப்படவில்லை. படிப்புக் காலமும் மாறக்கூடும். 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு விதிகள் ஓராண்டு பி.எட்., ஓராண்டு எம்.எட். ஆகியவற்றை முன்வைத்தன. ஓராண்டு பி.எட். எல்லாருக்கும் அல்ல, நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும், ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் எம்.எட்.டுக்கு முன் அதை முடிப்பது புத்திசாலித்தனம். தமிழ்நாட்டு அரசுப் பணிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அங்கே தமிழ்த் தகுதித் தாளும் உண்டு.

கொல்கத்தாவிலேயே படிக்கும் தமிழர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இன்டர்ன்ஷிப் பள்ளி வங்காள வழியா, ஆங்கில வழியா? கடைத்தெருவில் பேசும் வங்காளம் பதினாறு வாரம் அறிவியல் பாடம் எடுக்கப் போதாது. இதைச் சேர்க்கைக்கு வரும் அன்றே கேட்டுவிடுங்கள். பள்ளிகளை ஒதுக்கியபின் மாற்றுவது கஷ்டம்.