பட்டனைத் தட்டும்போது மனசுல என்ன?

மெட்டீரியல், டெம்ப்ரேச்சர், டைம்... ஒரு பொருளோட தரத்தை இதெல்லாம்தான் தீர்மானிக்கும்னு நம்ம வொர்க்‌ஷாப்ல சொல்லித் தர்றாங்க. 'செஞ்சவர் என்ன நினைச்சுக்கிட்டு செஞ்சார்?'னு எந்த லேப்லயாவது கேட்டிருக்காங்களா? யூதர்களோட தோரா சுருளுக்குத் தோல் பதப்படுத்துற இடத்துல முதல் கேள்வியே அதுதான்!

தோரான்னா மோசேயின் ஐந்து நூல்கள். மொத்தம் 3,04,805 எழுத்துகள், அத்தனையும் கையால எழுதணும். பேப்பர் கூடவே கூடாது. மாடு, ஆடு, மான்னு அவங்க மதம் சாப்பிட அனுமதிக்கிற மிருகத்தோட தோல்தான் வேணும். ஆனா, முறைப்படி அறுத்ததா இருக்கணும்னு கட்டாயமில்லை. தானா செத்த மாட்டோட கறியைத் தொட மாட்டாங்க, தோல்ல வேதம் எழுதலாம்!

தோலை முதல்ல தண்ணியில ஊறவைப்பாங்க. அப்புறம் பல நாள் சுண்ணாம்புத் தொட்டியில வாசம். சுண்ணாம்போட காரத்துல முடியோட வேர் நெகிழ்ந்துடும், வழிச்சா வந்துடும். அடுத்து சட்டத்துல நாலா பக்கமும் விறைப்பா இழுத்துக் கட்டி, காயக் காய கத்தியால சுரண்டுவாங்க. மேட்டரே இங்கேதான். குறுக்கும் நெடுக்குமா பின்னிக் கிடக்கிற கொலாஜன் நார்கள், இழுத்த நிலையில காயும்போது அடுக்கடுக்கா படுத்துடும். அதான் அந்த வெளுப்பு, மொடமொடப்பு. உங்க ஷூ லெதர் மாதிரி டானின் ஏத்தினது இல்லை இது. நல்லா நனைஞ்சா மறுபடி வெறும் தோல்தான்.

பழைய காலத்துல உப்பு, மாவு, மாசிக்காய்னு மூணு கட்டம் இருந்தது. (ஆமாங்க, நம்ம நாட்டு மருந்துக்கடை மாசிக்காயேதான்!) 12-ம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் மாசிக்காய் இல்லாம செல்லாதுன்னார். அதே நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்த ரபேனு தாம், 'எங்க சுண்ணாம்பே போதும்'னுட்டார். சுண்ணாம்பு ஜெயிச்சது. மாசிக்காய் இப்போ எழுதுற மையில பிழைச்சுக் கிடக்குது.

சரி, அந்த முதல் கேள்விக்கு வருவோம். தோலைச் சுண்ணாம்புல போடும்போதே 'தோராவின் புனிதத்துக்காக'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அந்த எண்ணம் இல்லாம பதப்படுத்தினா, பளிங்கு மாதிரி தோலா இருந்தாலும் செல்லாது.

இதுல மெஷின் நுழைஞ்சதும் சண்டை ஆரம்பிச்சது. சுழலும் டிரம்ல தோலைப் போட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லி, ஸ்விட்சைத் தட்டுறார் ஒருத்தர். முதல் சுற்று அவர் செஞ்சது. சரி, ஆயிரமாவது சுற்று? அதுவும் அவர் செயல்தான்னு ஒரு கட்சி. இல்லை, கரன்ட் செஞ்சதுன்னு இன்னொரு கட்சி. இன்னிக்கும் கைவேலைத் தோல்தான் வேணும்னு தேடி வாங்குறவங்க உண்டு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல இப்படி ஒரு கேள்வி வந்தா, நீங்க எந்தக் கட்சி?

எழுதி முடிச்ச சுருள்ல எழுத்துப்பிழை இருக்கான்னு கம்ப்யூட்டர் ஸ்கேன்ல பார்க்கிறாங்க. ஓட்டை, தழும்பை வெளிச்சத்துல பிடிச்சாலே தெரியும். தொட்டிகிட்ட சொன்ன அந்த ஒரு வரியை எந்த ஸ்கேனர்ல பார்க்கிறது? அதனாலதான் தோல் வாங்குற எழுத்தர், வெண்மையைப் பார்க்கிறதோட நிறுத்தாம, எந்த ரபியோட மேற்பார்வையில செஞ்சதுன்னும் விசாரிக்கிறார்.